எதுக்கும் இருக்கட்டும் என்று சேர்த்த சான்றிதழ்கள்

ஏசுபாதத்தின் பையைப் பார்த்தால் ஆள் ஊரைவிட்டே ஓடப்போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீலக் கலர் ரெக்சின் பை. ஜிப் பல்லை இளித்து ரொம்ப நாளாச்சு, கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார். உள்ளே துணிமணி கிடையாது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார், பான், பாஸ்புக் ஜெராக்ஸ், போட்டோ, கரண்ட் பில், ஆறாங்கிளாஸோடு நின்றுபோன படிப்புக்கு வாங்கிய டி.சி., ஞானஸ்நான சர்டிபிகேட், அப்புறம் மாமனாரின் இறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் ஒரு கத்தை.

"மாமனார் சர்டிபிகேட் எதுக்குய்யா தூக்கினு அலையிற?" என்று அவர் பொண்டாட்டி சரசுவே கேட்டிருக்கிறாள். செத்தது அவளைப் பெற்ற அப்பா.

"எதுக்கும் இருக்கட்டும்" என்பார்.

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. மகள் ஜீவிதாவுக்கு சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம், எல்லா ஆபீசும் ஒன்றுதான். போகும்போதெல்லாம் ஒரு பேப்பர் குறைந்தது. அதைக் கொண்டுபோனால் இன்னொன்று குறைந்தது. கடைசி நாளில் வீட்டில் இருந்த அத்தனை காகிதத்தையும் அள்ளிப்போய் மேசைமேல் கொட்டினார். காரியம் முடிந்தது. அன்றைக்கு ஏசுபாதம் ஒரு முடிவுக்கு வந்தார்: பேப்பர் குறைந்தால்தான் திட்டுவான், கூடினால் எவனும் ஒன்றும் சொல்லமாட்டான். அதன் பிறகு கேஸ் கனெக்ஷனை பெயர் மாற்றப் போனபோதும் மாமனாரைச் சேர்த்தே வைத்தார். கவுண்டரில் இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு முகம் வாடி, "எப்போ சார் தவறினார்?" என்று கேட்டது. மாமனார் போய்ப் பல வருஷம். அந்த அம்மாவின் முகத்துக்காக ஏசுபாதமும் கொஞ்ச நேரம் துக்கமாக நின்றார். வேலை சீக்கிரம் நடந்தது. அதுவும் அவர் கணக்கில் ஒரு வெற்றிதான்.

அவர் தொழில் தண்ணிப் பெட்டி வைப்பது. அதற்கு முன்னால் பம்மலில் மச்சான் ஃபிரெடியின் கடையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஃபிரெடி சரசுவுக்குத் தம்பி. வயதில் சின்னவன், கடைக்கு முதலாளி. ஏசுபாதம் அங்கே ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து தாமிரக் கம்பி சுற்றுவார். கஸ்டமர் முன்னாலேயே மச்சான், "மாமா, டீ சொல்லிட்டு வந்துருங்க" என்பான். மாமா என்று மரியாதையாகத்தான் சொல்வான். அந்த மரியாதைதான் எரியும்.

அந்த எரிச்சலில் இருந்து அவரை இறக்கிவிட்டவன் ஷ்யாம்சுந்தர். மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருந்த இன்ஜினியர் பையன். மொட்டைமாடி டேங்கில் ஒரு சின்னப் பெட்டி, கீழே தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டியின் மோட்டாரில் ஒரு சின்னப் பெட்டி. மேலே தண்ணி குறைந்தால் மேல்பெட்டி எங்கேயோ இருக்கிற சர்வர் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், சர்வர் கீழ்ப்பெட்டிக்குச் சொல்லும், மோட்டார் ஓடும். நிரம்பினால் நிற்கும். மூளை ஷ்யாமுடையது, ஏணி ஏசுபாதத்துடையது. மேடவாக்கத்தில் ஆரம்பித்து கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் என்று பெட்டி பரவியது. பிறகு ஷ்யாமுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. "இனிமே எல்லாம் உங்களோடதுதான் அண்ணா" என்று சொல்லி, செய்ய வேண்டியதைத் தமிழில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஏசுபாதம் ஸ்டூலைவிட்டு எழுந்தார். எழுந்தவர் சும்மா வந்திருக்கலாம். "இனி இந்தக் கடை வாசப்படிய மிதிக்கமாட்டேன் மச்சான்" என்று ஒரு வசனம் பேசிவிட்டு வந்தார். ஃபிரெடி சிரித்துக்கொண்டே, "ஸ்டூல எடுக்கமாட்டேன் மாமா, அப்படியே இருக்கட்டும்" என்றான்.

ஷ்யாம் எழுதிக்கொடுத்ததில் ஒன்று, வருஷத்துக்கு ஒருமுறை சர்வருக்குச் சான்றிதழ் புதுப்பிப்பது. இதை ஏசுபாதம் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். பெட்டி சர்வருக்குப் போன் போட்டதும், "நீ நெசமாவே ஏசுபாதத்தோட சர்வர்தானா, இல்ல எவனாவது திருட்டுப்பயலா?" என்று கேட்கும். சர்வர் தன் சான்றிதழைக் காட்டவேண்டும். அதில் ஒருவர் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்துக்காரர் யார் என்பதற்கு இன்னொரு சான்றிதழ். பெட்டி சரிபார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசும். ஆபீஸ்தான் இதுவும், ஆள்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் சான்றிதழ் விற்கிற கம்பெனி மெயிலில் ஒரு கட்டாக அனுப்பியது. உள்ளே வழக்கத்தைவிட நிறைய ஃபைல். ஷ்யாமின் தாளில், "முதல் இரண்டை மட்டும் சர்வர் ஃபைலில் ஒட்டவும்" என்று இருந்தது. ஏசுபாதம் அதைப் படித்தார். மட்டும் என்ற சொல்லையும் படித்தார். பிறகு, ஷ்யாம் நல்ல பையன், ஆனால் எந்த ஆபீஸ் வாசலிலும் நின்று பழக்கமில்லாதவன் என்று முடிவு கட்டினார். சர்வரின் சான்றிதழை முதலில் ஒட்டினார். கையெழுத்துக்காரரை ஒட்டினார். அவருக்கு மேலே இருக்கிறவரை ஒட்டினார். அந்த மேலானவருக்கு இன்னொரு மேலானவர் சாட்சி சொன்ன சான்றிதழ் ஒன்று இருந்தது, அதையும் ஒட்டினார். கடைசியில், இத்தனை வருஷமாக நாம் ஒழுங்காக இருக்கிறோம் என்று காட்டுவதற்காக, காலாவதியான பழைய வருஷத்துச் சான்றிதழ்களையும் அடியில் சேர்த்தார். சர்வர் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தார். பக்கம் திறந்தது, எல்லாம் பத்திரம் என்று காட்டும் பூட்டுப் படமும் வந்தது. திருப்தியாக எழுந்துபோய் மசால் வடை சாப்பிட்டார். இத்தனையும் செய்த கைக்கு வடையும் கொடுத்தோமே என்று பிற்பாடு அந்தக் கையைத்தான் அதிகம் திட்டினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மேடவாக்கம் அப்பார்ட்மென்ட் செகரட்டரி ஸ்ரீரங்கன் போன் செய்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். கோபத்திலும் குரலை உயர்த்தமாட்டார்.

"ஏசுபாதம், டேங்க் காலி. மோட்டார் ஓடலை. ஏ பிளாக்ல ஒருத்தர் பல்லு தேய்ச்சிண்டு என் வாசல்ல நிக்கறார். வாய் கொப்பளிக்க என்கிட்ட தண்ணி கேக்கறார்."

"இதோ வந்துட்டேன் சார்."

"வாங்கோ. ஞாயித்துக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங், ஞாபகம் இருக்கோன்னோ? உங்க காண்ட்ராக்ட் அன்னிக்குத்தான் வருது. வேற ஒரு கம்பெனியும் வந்து பேசிட்டுப் போயிருக்கா."

ஞாபகம் இல்லாமலா. மேடவாக்கம்தான் அவருக்குப் பெரிய இடம். அது போனால் மற்ற இடங்களும் ஒன்றையொன்று பார்த்துப் போய்விடும். போனால் அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. பம்மலில் ஒரு குட்டை ஸ்டூல் துடைத்துவைத்தபடி காத்திருக்கிறது.

பொழிச்சலூர் வீட்டிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியை மிதித்துப் போனார். டேங்கில் ஏறினார். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. சிக்னல் இல்லை என்று நினைத்து சிம்மை மாற்றினார். சிவப்பு. வயரைப் பிடுங்கிச் செருகினார். சிவப்பு. பெட்டியை வெயிலில் இருந்து நிழலுக்குத் திருப்பி வைத்தார். ஒரு தட்டு தட்டினார். ஸாரி சொல்லிவிட்டு மெதுவாக இன்னொரு தட்டு. அதற்குள் கீழ்க்கட்டளையிலிருந்து போன் வந்தது, கோவிலம்பாக்கத்திலிருந்தும் வந்தது. எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் சிவப்பு.

எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கெட்டால் கோளாறு எல்லாருக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும் என்று பச்சைக்குழந்தைக்கும் தோன்றும். ஏசுபாதம் அத்தனை மொட்டைமாடியும் ஏறி இறங்கி, முட்டி வீங்கிய பிறகு அவருக்கும் தோன்றியது.

மேடவாக்கத்துக்குத் திரும்பி வந்து செக்யூரிட்டி பொன்னுரங்கத்திடம், "அண்ணே, இன்னிக்கு ஒரு நாளு சுவிட்ச கையால போட்டு நிறுத்திக்க" என்றார்.

"போட்டுர்லாம். நிறுத்தறதுதான் ஞாபகம் வரணும்" என்றார் பொன்னுரங்கம். உள்ளதைத்தான் சொன்னார். மத்தியானம் மொட்டைமாடியில் இருந்து தண்ணி அருவியாய்க் கொட்டி சி பிளாக் வாசலில் காயப்போட்டிருந்த வடகத்தைக் கரைத்தது. மறுநாள் சனிக்கிழமை பொன்னுரங்கம் எச்சரிக்கையாகச் சுவிட்சைப் போடாமலேயே விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து சர்வர் பக்கத்தைத் திறந்து பார்த்தார் ஏசுபாதம். பெட்டிகள் வந்து வந்து திரும்பிப் போயிருந்தன. எல்லாம் ஒரே காரணத்தை விட்டுப் போயிருந்தன: சர்டிபிகேட் ரிஜெக்டட்.

ரிஜெக்டட். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அவருக்கு அகராதி தேவையில்லை. எத்தனை கவுண்டரில் பார்த்த வார்த்தை. ஒரே ஒரு அர்த்தம்தான்: பேப்பர் குறைகிறது.

ஆகவே கம்பெனியின் பக்கத்துக்குப் போய் அங்கே என்னென்ன சான்றிதழ் இறக்கிக்கொள்ளக் கிடைத்ததோ அத்தனையும் இறக்கினார். ஒட்டினார். அடியில் ஒட்டினார், நடுவில் ஒட்டினார். முன்பு கட்டாக இருந்தது இப்போது மூட்டையாயிற்று. ஷ்யாமுக்கு வாட்ஸாப்பில், "தம்பி எல்லா சர்டிபிகேட்டும் வெச்சுட்டேன், இன்னும் எது குறையுது" என்று கேட்டார். அங்கே அந்த நேரத்துக்கு என்ன பொழுதோ, ஒற்றை டிக்கோடு நின்றது.

அப்போது பார்த்து ஃபிரெடி போன் செய்தான். கீழ்க்கட்டளையில் அவனுக்கு ஒரு கஸ்டமர் உண்டு. சேதி போய்விட்டது.

"இன்னா மாமா, ஊரெல்லாம் தண்ணி இல்லியாமே?"

தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவைத்துவிட்டு, போன பிறகு விட்ட இடத்தில் தொடங்குவது வழக்கம். ஏசுபாதத்துக்கு அன்றைக்கு அந்த விமானம் போகவே வேண்டாம்போல் இருந்தது. போய்விட்டது.

"சின்ன ரிப்பேரு மச்சான்."

"சரி சரி. ஸ்டூலுக்கு ஒரு குஷன் வாங்கிப் போடலாமான்னு கேக்கத்தான் பண்ணேன். வயசாவுது இல்ல உனுக்கு."

சரசு அடுப்படியில் இருந்து, "இன்னாவாம் அவனுக்கு?" என்றாள்.

"நலம் விசாரிக்கிறான்" என்றார் ஏசுபாதம்.

சனிக்கிழமை காலை மேடவாக்கத்தில் கீழ்ப்பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அதையும் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்து பி பிளாக் ரோஹிணி வந்தாள். ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தலையில் துண்டு, துண்டுக்குக் கீழே நெற்றியில் நுரை வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, ஷாம்பூ போட்டுட்டேன். தண்ணி நின்னுடுச்சு."

"ஒரு கேன் தண்ணி தூக்கினு வரவாம்மா?"

"கேன் ஹஸ்பண்ட் கொண்டுவரார். நீங்க என்ன ப்ராப்ளம்னு சொல்லுங்க. ரெண்டு நாளா ஏணியும் கையுமா அலையறீங்க."

"சர்டிபிகேட்ட ரிஜெக்ட் பண்ணுதும்மா. இருக்கிறது எல்லாத்தையும் வெச்சுட்டேன். இதுக்கு மேல வைக்க எங்கிட்ட எதுவும் இல்ல."

ரோஹிணி அவரைப் பார்த்தாள். "எல்லாத்தையும்னா?"

போனை நீட்டினார். அவள் விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். கண்ணில் நுரை இறங்கியது, துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். அது முடிகிற வழியாய் இல்லை.

"அண்ணா, இது சர்டிபிகேட்டா, வோட்டர் லிஸ்டா?"

மேலே போய் லேப்டாப்பும் ஒரு வயரும் எடுத்துவந்து பெட்டியில் செருகினாள். பெட்டி தன் மனதில் இருந்ததைத் திரையில் கொட்டியது. ஒரு வரியை விரலால் காட்டினாள். "பாருங்க. சான்றிதழ் தப்புன்னு சொல்லலை. பெருசா இருக்குன்னு சொல்லுது. இவ்ளோதான் வாங்கிப்பேன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. கட்டு அதைத் தாண்டுனா பிரிச்சுக்கூடப் பார்க்காது. லைனை கட் பண்ணிடும்."

"மொத பேப்பரே சரியான பேப்பருதானேம்மா. அதையாவது பார்க்கலாமில்ல?"

"பார்க்காது. மொத்தமா எவ்ளோன்னுதான் முதல்ல பார்க்கும்."

"என் போன்ல நல்லாத்தான் தொறக்குது?"

"போனுக்கு இடம் நிறைய. எவ்ளோ கொட்டினாலும் தாங்கும். இது சோப்பு டப்பா சைஸுக்கு இருக்கு. உங்களுக்குக் கையெழுத்து போட்டவர் வேணும், சரி. அவருக்கு மேல இருக்கிற பெரியவர் இந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே தெரிஞ்சவர். செய்யும்போதே அவரை உள்ள வெச்சுத்தான் செஞ்சிருக்காங்க. நீங்க அவரைக் கூட்டிட்டு வந்து, அவரோட சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்து, செத்துப்போனவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

செத்துப்போனவங்க என்றதும் ஏசுபாதத்துக்கு மாமனார் ஞாபகம் வந்தது. கடைசியில் பெட்டிக்கும் அவரைக் காட்டியாயிற்று.

"அந்த அளவ கொஞ்சம் ஏத்தி வுட்டுட்டா?" என்று கேட்டார். தோற்கிறவன் கடைசியாகக் கேட்கிற கேள்வி.

"ஏத்தலாம். ஆனா ஒவ்வொரு டேங்கா ஏறிப் பெட்டியைத் திறந்து ஏத்தணும். ஏத்துனா என்ன ஆகும்? நாளைக்கு எவனாவது உங்க சர்வர் மாதிரி நடிச்சு லோடு லோடா அனுப்புவான். பெட்டி அதை முழுங்கிட்டே கிடக்கும். தண்ணியை யாரு பார்ப்பா?" அவள் கேட் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க மேல குறுக்கால ஒரு கம்பி போட்டிருக்கே, எதுக்கு?"

எதுக்கு என்று அவருக்குத் தெரியாதா. பெரிய டேங்கர் லாரி ஒன்று உள்ளே வந்து சம்ப் மூடியையே உடைத்துவிட்டதால், சின்ன லாரி மட்டும் நுழையட்டும் என்று ஸ்ரீரங்கனிடம் சண்டை போட்டு அந்தக் கம்பியை வைக்கச் சொன்னவரே அவர்தான். வெல்டிங்கும் அவர்தான் செய்தார். கேட்டுக்கு வைத்த அறிவைத் தன் தலைக்கு வைக்காமல் போனோமே என்று கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ எது மட்டும் வைக்கணும்?"

"முதல் ரெண்டு. மட்டும்."

மட்டும். ஷ்யாமின் தாளில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே சொல்.

ஒவ்வொன்றாக அழித்தார். பழைய வருஷங்களை அழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. ரோஹிணி தலையைத் துவட்டியபடி, "அண்ணா, காயுது" என்றாள். நுரையைத்தான் சொன்னாள். அழித்துவிட்டார். போனிலேயே சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். சிவப்பு இரண்டு முறை மினுக்கிவிட்டுப் பச்சைக்கு மாறியது. மோட்டார் கனைத்துக்கொண்டு ஓடியது. கீழ்க்கட்டளைக்குப் போன் செய்தால் அங்கேயும் பச்சை. கோவிலம்பாக்கத்திலும் பச்சை. ஒரு மாடி ஏறவில்லை. அவர் முட்டி தனியாக ஒருமுறை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, ரெக்சின் பையை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆணியில் மாட்டிவிட்டு, பழைய காண்ட்ராக்ட்டையும் ஆதாரையும் மட்டும் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"பை எங்கய்யா?" என்றாள் சரசு.

"ரெண்டு பேப்பர் போதும். நான் திருந்திட்டேன்."

"திருந்தறதுக்கு இன்னிக்குத்தான் கெடச்சுதா உனுக்கு?" என்றாள். அவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்பது தெரிந்தும் போனார்.

பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். ஸ்ரீரங்கன், "ரெண்டு நாள் என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லிடுங்கோ" என்றார். சிக்னல் கோளாறு என்று சொல்லத்தான் ஏசுபாதம் எழுந்தார். எதிரே ரோஹிணி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் பொய் வாயில் இருந்து வரவில்லை.

"சார், பெட்டிமேல தப்பில்ல. அது ரெண்டு பேப்பர் கேட்டுச்சு. நான் ஒரு மூட்ட குடுத்தேன். வேணாம்னு தள்ளிச்சு. கம்மியாயிருக்கோன்னு இன்னொரு மூட்ட குடுத்தேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. ரோஹிணி சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். வடகம் கரைந்த வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷமும் மூட்டை வருமா?" என்று யாரோ கேட்டார்கள். "வராது சார், இந்தத் தடவ முட்டியே போயிடுச்சு" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கிய கைகள் போதுமானதாக இருந்தன.

ஸ்ரீரங்கன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சரி, பேப்பர்ஸ் குடுங்கோ. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஏசுபாதம் பெருமையாக இரண்டு காகிதத்தை நீட்டினார்.

"என்னப்பா இது? பான் கார்டு, பேங்க் பாஸ்புக், அட்ரஸ் ப்ரூஃப், போட்டோ, எதுவுமே இல்லையே. இன்னிக்கு ரெக்கார்டுல ஏறலைன்னா அடுத்த மீட்டிங்தான். அதுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரா மறுபடி வருவா."

ஏசுபாதம் போனை எடுத்தார். சரசு எடுத்ததும் எடுக்காததுமாக, "கிளம்பிட்டோம்" என்றாள். பையைத் தானே எடுத்துவைத்து, யாரைக் கூப்பிடுவது என்று பார்த்து, தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். ஃபிரெடி பைக் ஓட்ட, பின்னால் சரசு பையை மடியில் வைத்துக்கொண்டு பொழிச்சலூரில் இருந்து மேடவாக்கம் வரைக்கும் வந்து இறங்கினாள்.

ஸ்ரீரங்கன் பையைப் பிரித்தார். அவர் முகம் மலர்ந்தது. பான், பாஸ்புக், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். டி.சி.யையும் எடுத்தார். மாமனாரின் இறப்புச் சான்றிதழும் கையோடு வந்தது.

"அது வேணாம் சார்" என்று ஏசுபாதம் கையை நீட்டினார்.

ஸ்ரீரங்கன் கொடுக்கவில்லை. கட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். ஊசி உள்ளே போகவில்லை, இன்னொரு தடவை ஓங்கி அடித்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார். கையெழுத்தும் போட்டார்.

ஃபிரெடி பைக்கில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "எங்க அப்பனுக்குக் கூட வேல போட்டுக் குடுத்துட்ட மாமா" என்றான்.

"ஸ்டூல்ல இனி வேற யாரையாச்சும் உக்கார வையி மச்சான்" என்றார் ஏசுபாதம்.

"அடுத்த வருஷம் சர்டிபிகேட் எப்ப மாத்துவ?"

"ஏன்?"

"அதுக்கப்புறம் ஸ்டூல எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஃபிரெடி வண்டியை உதைத்தான்.